டயர் கடைக்கு மேலே ஒரு வீடு

மார்ச் 3, செவ்வாய்

இன்று லேபில் பதினோரு செயற்கைப் பல் முடித்தேன். மேல் கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் நிறம் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. டாக்டர் எழுதி அனுப்பியிருந்த குறிப்பு: "இன்னும் கொஞ்சம் மஞ்சள்." கொஞ்சம் என்றால் எவ்வளவு? இருபது வருடமாக இந்தக் 'கொஞ்ச'த்தோடுதான் என் பிழைப்பு.

வீட்டுக்கு வந்து மின்னஞ்சலைத் திறந்தால் கேப்டனிடமிருந்து கடிதம். எந்தக் கேப்டன் என்று முதலில் பிடிபடவில்லை. அப்புறம்தான் உறைத்தது. தீவு!

கேப்டனை நான் நேரில் பார்த்ததே இல்லை. நரைத்த தாடி, தொப்பி, தோளில் ஒரு பூனை. இதெல்லாம், ஆளுக்கொரு பொம்மை உருவத்தில் கம்ப்யூட்டர் வழியாக உள்ளே போகிற ஒரு ஆன்லைன் உலகத்தில் அவர் வைத்திருந்த உருவம். அங்கே ஒரு தீவை வாங்கி, எங்களைப் போன்றவர்களுக்குத் துண்டு துண்டாகச் சும்மா கொடுத்தவர். பதினேழு வருடங்களுக்கு முன் அக்காவும் நானும் அதன் ஒரு மூலையில் வீடு கட்டினோம். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு தீவை மூடுகிறாராம். கண் பார்வை குறைந்துவிட்டதாம்.

"உங்கள் வீடு இரண்டு பேர் பெயரில் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே நின்று ஒப்புதல் கொடுத்தால்தான் அதை ஒரு பொருளாக மடித்து உங்கள் ஆளின் பையில் எடுத்துக்கொள்ள முடியும். இல்லையென்றால் தீவோடு போய்விடும்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

அக்காவோடு நான் பேசி ஆறு வருடம் ஆகிறது.

மார்ச் 4, புதன்

எழுதலாமா? வேண்டாம். வீடு போனால் போகட்டும். அது என்ன நிஜ வீடா?

மார்ச் 5, வியாழன்

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே நினைப்பு. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

நிஜ வீடு ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. வாடகை வீடு. எனக்குப் பதினான்கு வயது ஆகும்வரை அங்கேதான். வெயில் ஏறினால் ரப்பர் வாசனையும் மாடி ஏறி வந்துவிடும். வகுப்பில் என் பக்கத்துப் பெண் மூக்கைப் பொத்திக்கொள்வாள். பிறகு அந்தக் கட்டடத்தை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். அந்த வீட்டின் ஒரு போட்டோகூட எங்களிடம் இல்லை. கேமரா வைத்திருந்த சொந்தக்காரர்கள் யாரும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

அக்கா கல்யாணமாகி அவ்வளவு தூரம் போன பிறகு, எனக்கு இரவு எட்டு மணி என்றால் அவளுக்குக் காலை பதினொன்று. அத்தான் வேலைக்குக் கிளம்பியதும் அவள் உள்ளே வருவாள். நான் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு உள்ளே போவேன். மற்றவர்களெல்லாம் அங்கே அரண்மனை கட்டினார்கள், பறக்கிற பாம்பு வளர்த்தார்கள். நாங்கள் டயர் கடை மாடியைக் கட்டினோம். படி பதினேழா பதினெட்டா என்று நான்கு நாள் சண்டை. கடைசியில் அம்மாதான் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

"பதினேழு. இடுப்புல தண்ணியோட தினம் ஏறினவ நான். எனக்குத் தெரியாதா?"

அப்போது என்னிடம் இருந்த கம்ப்யூட்டர் படு மந்தம். அக்கா உள்ளே வந்து முழு ஆளாகத் தெரியப் பத்து நிமிடம் ஆகும். முதலில் புகை மாதிரி ஒன்று. பிறகு மொட்டைத் தலை. கடைசியில்தான் முடி வந்து ஒட்டும். ஒருநாள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் பதறிவிட்டாள்.

"ஐயோ, முடியெல்லாம் எங்கடி போச்சு இவளுக்கு? அங்க தண்ணி சரியில்லையா?"

அதை நான் தட்டி அனுப்பியதும் அக்கா அந்தப் பக்கம் இருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கேட்கவில்லை, 'ஹஹஹஹ' என்று எழுத்தாகத்தான் வந்தது. ஆனாலும் அவள் சிரிப்பது எனக்குத் தெரியும்.

மார்ச் 6, வெள்ளி

அனுப்பிவிட்டேன். "தீவை மூடறாங்க. ரெண்டு பேரும் வந்தாதான் வீட்டை எடுக்க முடியும். 31 கடைசி."

நல்லா இருக்கியா என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்த்தேன், அழித்தேன், மறுபடி சேர்த்தேன், அழித்தேன்.

பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. "ஞாயிறு 11. உனக்கு 8." அவ்வளவுதான். அவளும் என்னைப் போலத்தானே வளர்ந்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

என் லேப்டாப்பில் உள்ளே போனேன். எங்கு பார்த்தாலும் சாம்பல் நிறம். மரம், சுவர், தரை எல்லாம் சிமெண்ட் பொம்மை மாதிரி. ஒரு அடி எடுத்து வைத்தால் மூன்று விநாடி கழித்து என் ஆள் காலைத் தூக்குகிறாள். அதற்குள் போன் அடித்தது. அக்கா.

"உள்ள வந்துட்டியா?" குரல் கொஞ்சம் கனத்திருந்தது. வயது.

"வந்துட்டேன். எல்லாம் சாம்பலாத் தெரியுது."

"எனக்கும் அப்படித்தான்."

"நீ எங்க நிக்கற?"

"நிக்கல. நடக்க ஆரம்பிச்சேன், நிறுத்த முடியல. இப்ப கடலுக்கு அடியில போயிட்டிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஆறு வருடக் கோபத்தை இவ்வளவு மலிவாகவா விட்டுக்கொடுப்பது?

ஒன்றரை மணி நேரம் போராடினோம். அவள் கரையேறவே இல்லை. நான் மாடிப்படி அடியில் மாட்டிக்கொண்டேன். "சரி, வைக்கறேன்" என்றாள். "சரி" என்றேன்.

வேறு எதுவும் பேசவில்லை. அம்மா பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அம்மா போனபோது அவள் வரவில்லை. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தாள் அம்மா, அப்போதும் வரவில்லை. விசா பேப்பரைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், பாஸ்போர்ட் கையில் இல்லை என்றாள். "பெத்தவ முகத்தைப் பாக்க வராதவளுக்கு ஆயிரம் சாக்கு. இனிமே எனக்கு அக்கான்னு யாரும் இல்ல" என்று சொல்லிப் போனை வைத்தவள் நான்தான். இதை இங்கே எழுதியாவது வைக்கிறேன்.

மார்ச் 11, புதன்

லேப் இடைவேளையில் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எதையோ பற்றவைத்தபடியே பேசினார். நானும் நாள் முழுக்க அதே கண்ணாடியோடு உட்கார்கிறவள் என்பதால் அவரைப் பார்த்ததும் ஒரு ஒட்டுதல்.

"மேடம், லேக், அதாவது தாமதம்னு பொதுவா சொல்லாதீங்க. அதுல ரெண்டு ஜாதி இருக்கு. படமே திக்கித் திக்கி வந்தா உங்க மிஷின் இழுக்க முடியாம திணறுதுன்னு அர்த்தம். படம் நல்லா ஓடுது, ஆனா ஆள் மட்டும் போன இடத்துலேருந்து பின்னாடி இழுக்கப்படறாங்கன்னா லைன்ல கோளாறு. உங்களுக்கு எது?"

"எனக்கு ரெண்டும்."

"பேஷ்."

லேப்டாப்பில் படத்தை ஓட்டுகிற தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையாம். மெயில் பார்க்க, கணக்கு எழுத மட்டுமே லாயக்காம். பழைய டெஸ்க்டாப் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பல் டிசைன் வேலையை வீட்டுக்கும் எடுத்துவந்து செய்த காலத்தில் நல்ல கார்டு போட்டு வாங்கியது. பரண் மேல் ஆறு வருடமாகக் கிடக்கிறது. அம்மா போன பிறகு நான் அது இருந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்யவில்லை.

மார்ச் 14, சனி

கடைக்காரர் டெஸ்க்டாப் பெட்டியைத் திறந்து ஊதினார். ஒரு போர்வை பின்னலாம், அவ்வளவு தூசி. விசிறியை மாற்றினார், கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பொத்தானை அழுத்தியதும் எழுந்துகொண்டது. பழைய தோழியைத் தெருவில் பார்த்த மாதிரி இருந்தது அந்த ஆரம்ப ஓசை.

"நிழல், தண்ணியில தெரியற பிம்பம் எல்லாத்தையும் அணைச்சிடுங்க. கண்ணுக்கெட்டற தூரத்தையும் குறைச்சிடுங்க. மேடம், உங்களுக்கு உங்க வீடு தெரிஞ்சாப் போதும்ல? மலை எதுக்கு?"

போதும்.

மார்ச் 15, ஞாயிறு

எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை, பழைய குப்பையை அழித்தால்தான் படங்கள் சீக்கிரம் இறங்கும் என்று ஒரு எச்சரிக்கை வந்தது. அழிக்கத்தான் போனேன். அதே இடத்தில் 'உரையாடல்கள்' என்று ஒரு கோப்புறை. அக்காவும் நானும் அங்கே தட்டச்சு செய்து பேசியதெல்லாம் தேதிவாரியாகச் சேமித்து வைத்திருக்கிறது. பழைய அரட்டையைக் கொஞ்சம் படிக்கலாமே என்று கடைசியிலிருந்து திறந்தேன்.

தேதி, அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு முந்தைய நாள்.

அப்போது நான் அங்கே போவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகியிருந்தது. அக்காவுக்கு வேலை கிடைத்த பிறகு நேரம் ஒத்துவரவில்லை, விட்டுவிட்டோம். ஆனால் என் பெயரில் யாரோ பேசியிருக்கிறார்கள். மதியம் இரண்டு மணி ஐந்து நிமிடம். நான் லேபில் இருக்கும் நேரம். யாராவது என் கணக்கைத் திருடிவிட்டார்களா?

"வந்துட்டேன்" என்று என் பெயர் சொல்கிறது.

"உக்காரும்மா. ஜன்னல் பக்கத்து நாற்காலி" என்கிறாள் அக்கா.

ம்மா.

என்னை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னலைத் திறந்தேன். மறுபடி வந்து உட்கார்ந்தேன். ஒரு கோப்பு இல்லை. அறுநூற்றுச் சொச்சம் கோப்பு. மூன்று வருடம். சனி ஞாயிறு தவிர ஏறக்குறைய எல்லா நாளும், மதியம் இரண்டு மணி.

மார்ச் 17, செவ்வாய்

உடம்பு சரியில்லை என்று லேபுக்குச் சொல்லிவிட்டு நாள் முழுக்கப் படித்தேன்.

அம்மா ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருக்கிறாள். எழுத்துகளை விட்டு, முழுங்கி, ஒற்றை விரலால். இருபத்தாறு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். ஒரே நேரத்தில் பத்துப் பேரைப் பேசவைத்தவள். நான் அவளை இந்தக் கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை. ஒரு தடவை தூசி துடைக்கிறேன் என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். இரண்டு நாள் வேலை, ஒரு முழு வாயின் டிசைன், போயே போச்சு. "இனிமே இத தொடாதம்மா! சொல்லிட்டேன்!" என்று கத்தினேன். தொடவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தீவுக் கணக்கைக் கடவுச்சொல் கேட்காமல் திறக்கும்படி வைத்திருந்ததும் நான்தான்.

சிலவற்றை எழுதிவைக்கிறேன்.

"மேசை மேல உக்காந்துட்டேன். எப்படி இறங்கறது?"

"பரவால்லம்மா, அங்கயே இரு."

வேறொரு நாள்: "சின்னவ நேத்து சரியா சாப்பிடல. யாரோ டாக்டர் திட்டினானாம். நீ கேட்டுடாத, நான் சொன்னேன்னு தெரிஞ்சிடும்."

இன்னொரு நாள்: "நாலு மணிக்கு அணைச்சிடறேன். பெட்டி சூடா இருக்கு. அவ வர்றதுக்குள்ள ஆறணும். பேப்பரால விசிறிட்டு இருக்கேன்."

அந்த நாட்களில் வேலை முடிந்து வந்தால் பெட்டி லேசாகச் சூடாக இருக்கும். மேற்கு ஜன்னல் வெயில் என்று நினைத்துத் திரைச்சீலை வாங்கிப் போட்டேன். பிறகு மேசையையே எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். அம்மாதான் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை!

கடைசி நாள்:

"நான் கிளம்பி வந்துடறேன்மா. நீ மூச்சு வாங்கறேன்னு சொல்றது எனக்குப் பிடிக்கல."

"பேப்பர் கைக்கு வராம கிளம்பாத. திரும்ப உள்ள விடமாட்டான். ரெண்டு பிள்ளைங்க இருக்கு உனக்கு."

"பரவால்ல, பாஸ்போர்ட்ட திருப்பிக் கேட்டு வாங்கிக்கறேன். பாத்துக்கலாம்."

"வராத. என் மேல சத்தியம். தினம் பாத்துட்டுதானே இருக்கேன். சின்னவகிட்ட நான் சொல்லிக்கறேன்."

சொல்லவில்லை. நேரம் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபின் அவளுக்குப் பேச்சே வரவில்லை.

மார்ச் 18, புதன்

ஐந்து பல். மூன்று உடைந்தது.

மார்ச் 21, சனி

எட்டு மணிக்கு அக்கா அழைத்தாள். இன்று சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் "நிழல அணைச்சியா?" என்றுதான் வந்தது.

என் பக்கம் படம் இப்போது பளிச்சென்று இருக்கிறது. டயர் கடையின் பலகை, நீல ஜன்னல், படிக்கட்டில் அக்கா வேண்டுமென்றே வைத்த உடைந்த மூலை. எல்லாம் அப்படியே. நான் மறந்துபோன ஒன்றும் இருந்தது. கதவுக்குப் பின்னால் எங்கள் உயரத்தைக் குறித்த கோடுகள்.

ஆனால் அக்கா ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை காணாமல் போகிறாள். வருகிறாள், போகிறாள். மூன்றாவது முறை எனக்குச் சந்தேகம்.

"அக்கா, போறதுக்கு முன்னாடி என்ன பண்ற?"

"ஒண்ணும் பண்ணலயே. காபி ஆறிப்போச்சு, மைக்ரோவேவ்ல வச்சேன்."

"போன தடவை?"

"...அப்பவும் காபிதான்."

"வைஃபை பெட்டி எங்க இருக்கு?"

"மைக்ரோவேவ் மேல."

இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். அடக்க முடியவில்லை. மைக்ரோவேவ் ஓடினால் பக்கத்திலிருக்கிற வைஃபை அறுந்துவிடும், காபியைக் குளிராகவே குடி, இல்லாவிட்டால் பெட்டியை வேறு அறைக்கு மாற்று என்றேன். "வந்துட்டா பெரிய இன்ஜினியர்" என்றாள். அந்தக் குரலை எவ்வளவு நாள் கழித்துக் கேட்கிறேன்! பெட்டியைத் தூக்கி ஹாலில் வைத்தாள். அதன்பின் அவள் அறுந்து போகவில்லை.

வைக்கும்போது, "சரி சுண்டு, நாளைக்கு" என்றாள். சுண்டு. சின்ன வயதிலிருந்து அவள் என்னைக் கூப்பிடும் பெயர். வாக்கியத்தைச் சொல்லாமலே போனை வைத்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அவள் ஆள் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில்.

"அக்கா. அம்மா இங்க வந்துட்டிருந்தது எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"எப்படி?" என்றாள் மெதுவாக.

"பழைய பெட்டியில எல்லாம் இருக்கு. ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அம்மா சொல்லாதன்னாங்க. உனக்குத் தெரிஞ்சா திட்டுவியாம்."

"நான் அவ்ளோ மோசமாவா இருந்தேன்?"

"மோசம்னு யார் சொன்னா? வேலை முடிஞ்சு வந்து மூஞ்சிய தூக்கி வச்சிட்டு உக்காந்திருப்பல்ல. அதப் பாத்து ஒரு பயம். அவ்ளோதான்."

"சரி, அப்புறமாவது? நான் உன்ன அவ்ளோ பேசினேனே. அம்மாதான் வராதன்னு சொன்னாங்கன்னு அப்ப சொல்லியிருக்கலாம்ல?"

"நீ பேச விட்டியா? போன வச்சுட்ட. அப்புறம் எனக்கும் கோபம். அம்மாவ இழந்தவ நீ மட்டுமான்னு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு, "அதுவும் இல்லாம, சாகறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு ரகசியம் குடுத்துட்டுப் போயிருக்காங்க. அத ஒரு சண்டையில ஜெயிக்கறதுக்காக உடைக்க எனக்கு மனசு வரல."

நான் மன்னிப்புக் கேட்டேன். எந்த வார்த்தையில் கேட்டேன் என்று ஞாபகம் இல்லை. அழுதுகொண்டே கேட்டதால் அவளுக்கும் சரியாகப் புரிந்திருக்காது. "விடு, விடு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது திரையில் என் ஆள் அப்படியே பின்னால் இழுக்கப்பட்டுச் சுவருக்குள் புகுந்து, படிக்கட்டைத் தாண்டித் தெருவில் போய் நின்றாள்.

"எங்கடி போற?" என்றாள் அக்கா.

"நான் போகல. லைன் இழுக்குது."

மார்ச் 25, புதன்

இன்டர்நெட் லைன் பார்க்கிறவர் வந்தார். முதலில் கேபிளை நேரடியாகப் போட்டுப் பார்த்தார், அப்படியும் அனுப்புகிற தகவலில் நூற்றுக்கு எட்டு வழியிலேயே தொலைகிறது என்றார். மாடிச் சுவரில் இருக்கும் பெட்டியைத் திறந்ததும், "வாங்க, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். உள்ளே எறும்புக் குடித்தனம். இணைப்பு முனை பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. நறுக்கிவிட்டுப் புதிது போட்டார். இப்போது ஒன்றுகூடத் தொலையவில்லை.

"எத்தனை வருஷமா இப்படி இருக்கும்?" என்றேன்.

"அது யாருக்குத் தெரியும்? நீங்க இப்பத்தானே சொன்னீங்க."

மார்ச் 28, சனி

மடிக்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தோம், அவ்வளவுதான். இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்றாள் அக்கா. எனக்கும் அதே ஆசை. அம்மா எந்த மேசை மேல் உட்கார்ந்துகொண்டாள் என்று காட்டினாள். ஒரு மதியம் முழுக்க அம்மா டயர் கடைக்குள்ளேயே வழி தெரியாமல் சுற்றினாளாம். கடைசியில், "இந்தக் கடைக்காரன் இங்கயும் மீதிச் சில்லறை தர மாட்டானா?" என்று எழுதினாளாம். அதை நான் அந்தக் கோப்பில் பார்த்தேன், அப்போது புரியவில்லை. இன்று புரிந்தது.

மார்ச் 31, செவ்வாய்

புத்தி கெட்டவர்கள் நாங்கள். சனிக்கிழமையே மடித்திருக்க வேண்டும்.

தீவு மூடும் நேரம் எனக்கு இரவு ஒன்பது. அக்கா அரைநாள் லீவு போட்டிருந்தாள். எட்டு மணிக்கு உள்ளே போனால் தீவு முழுக்கக் கூட்டம். பழைய ஆட்கள் நாற்பது ஐம்பது பேர் விடைபெற வந்திருக்கிறார்கள். பறக்கும் பாம்பு, மினுக்கும் சிறகு, புகை விடும் கிரீடம். அத்தனை பேர், அத்தனை அலங்காரம். தீவே மூச்சுமுட்டி நின்றுவிட்டது. என் பெட்டியும் நன்றாக இருக்கிறது, லைனும் நன்றாக இருக்கிறது. கோளாறு இந்த முறை எங்கள் பக்கம் இல்லை. செய்வதற்கும் ஒன்றுமில்லை.

ஒப்புதல் பொத்தானை இரண்டு பேரும் பத்து விநாடிக்குள் அழுத்த வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று போனில் எண்ணி அழுத்தினோம். அவளுடையது போய்ச் சேர அரை நிமிடம். மறுபடி. மறுபடி. எட்டரை ஆகிவிட்டது.

"போகட்டும் சுண்டு" என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது.

எனக்கு ஆத்திரம். எதற்கு விட வேண்டும்? பொதுவில் எழுதினேன். நான் அப்படியெல்லாம் முன்பின் தெரியாதவர்களிடம் உதவி கேட்கிறவள் இல்லை. "ஐயா, அம்மா, நானும் என் அக்காவும் எங்கள் வீட்டை எடுக்க முடியாமல் தவிக்கிறோம். எங்கள் அம்மா மூன்று வருடம் இருந்த வீடு. தயவுசெய்து கொஞ்சம் உதவுங்கள்."

ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கேப்டனின் எழுத்து, பெரிது பெரிதாக. "எல்லோரும் கேளுங்கள். போட்டிருப்பதைக் கழற்றுங்கள். சிறகு, விளக்கு, முடி, எல்லாம். வளர்ப்புப் பிராணிகளை உள்ளே வையுங்கள்."

முதலில் அவர் தோளிலிருந்த பூனை மறைந்தது. அப்புறம் தாடி. பாம்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. சிறகு உதிர்ந்தது. கிரீடம் போயிற்று. நாற்பது ஐம்பது பேரும் மொட்டைத் தலையோடு, வெறும் பனியனோடு, அசையாமல் எங்கள் வீட்டைப் பார்த்து நின்றார்கள். யாரென்று பெயர் தெரியாது, எந்த ஊர் என்று தெரியாது. கடல் மறுபடி அலையடித்தது. என் ஆள் சொன்ன இடத்தில் கால் வைத்தாள்.

"இப்ப" என்றேன்.

"ஒண்ணு, ரெண்டு..."

மூன்று சொல்வதற்குள் இருவருமே அழுத்திவிட்டோம். எட்டு ஐம்பத்தொன்று. படி, ஜன்னல், பலகை, எல்லாம் போய் வெறும் புல்தரை. என் ஆளின் பையில் ஒரு வரி: 'வீடு, 1'.

"வந்துடுச்சா?" என்றாள்.

"வந்துடுச்சு."

விரித்துப் போட நிலம் இல்லை. இருக்கட்டும். ஒன்பது மணிக்குத் திரை கறுத்தது. போனை மட்டும் நாங்கள் வைக்கவில்லை.

மே 19, செவ்வாய்

பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தார்கள். பல் தெரியக் கூடாதாம். என்னைப் பார்த்தா சொல்கிறார்கள்!

ஜூலை 2, வியாழன்

லேபில் மூன்று வார லீவு கேட்டேன். இருபது வருடத்தில் முதல் தடவை என்பதால் முதலாளிக்கு எப்படி மறுப்பது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 12, புதன்

அக்கா வீடு. வந்து மூன்றாம் நாள். பிள்ளைகள் என்னைவிட உயரம். அத்தான் நேற்று முழுக்க என்னைத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். மொத்தம் நான்கு செடி.

பயணக் களைப்பில் தூக்கம் தாறுமாறாக இருக்கிறது. இன்று காலை முழிப்பு வந்தபோது வெளியே இன்னும் இருட்டு விலகவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்து வந்தால் சமையலறையில் விளக்கு எரிந்தது. அக்கா சின்ன மேசையில், சால்வையைப் போர்த்திக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருந்தாள். முன்னால் எதுவும் இல்லை. புத்தகம், போன், ஒன்றும் இல்லை.

"ஏன்க்கா இந்நேரத்துல முழிச்சிருக்க? வேலைக்கு ஏழு மணிக்குத்தானே கிளம்புவ?"

"அஞ்சு மணிக்குத் தானா முழிப்பு வந்துடும். பழகிப்போச்சு."

"எப்பலேருந்து?"

அவள் சால்வையைச் சரிசெய்துகொண்டாள். "ரொம்ப வருஷமா. நீ போய்த் தூங்கு, சுண்டு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இங்கே ஐந்து. எங்கள் வீட்டில் மதியம் இரண்டு. அந்தக் கோப்புகளை அத்தனை தடவை படித்தேன், ஒரு நாளும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. வேலை இடைவேளையில் எங்கோ உட்கார்ந்து பேசியிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"தூங்கலயா?"

"தூக்கம் வரல."

"பொய் சொல்லாத. கண்ணு சொருகுது."

"பரவால்ல."

அவள் எழுந்து பால் அடுப்பில் வைத்தாள். வெளியே வெளிச்சம் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். நாளைக்கும் எழுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன்.